இருவரும் விட்டுக்கொடுத்த இடம்

லாரிச் சத்தம் கேட்டதும் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாசலுக்குப் போய் நின்று வரவேற்க வேண்டியவள், பத்திரிகை அறைக்குள் போய் ஜன்னல் ஓரமாக மறைந்து நின்றுகொண்டாள்.

வருகிறவர்களையெல்லாம் வாயில் விரல் வைத்து அடக்குகிற நூலகர், தன் நூலகத்துக்குள்ளேயே இப்படிப் பதுங்கி நிற்பது அழகில்லைதான். ஆனால் தம்பியின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அவனுக்காக அவள் செய்து வைத்திருக்கும் காரியத்தைப் பார்த்ததும் அந்த முகம் எப்படி மாறும் என்று பல நாளாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தாள்.

இந்தக் குடும்பத்தோடு ஆரம்பத்திலிருந்து கூட வருகிறவர்களுக்கு விஷயம் தெரியும். இன்றைக்குத்தான் எட்டிப் பார்க்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வரலாம்.

அக்கா நூலகர். தம்பி வெல்டர். இரும்பு கேட்டும் கிரில்லும் செய்து பிழைக்கிறவன், மிச்சம் விழும் இரும்பில் மனிதர்களையும் பறவைகளையும் செய்கிறவன். வீட்டில் அவனுக்குத் தீப்பொறி என்று பெயர். அப்பா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் தம்பியின் பட்டறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து சக்கர நாற்காலி, அக்காவின் வீடு.

விழுந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், பார்க்க வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் அக்கா தம்பியைப் பிடி பிடி என்று பிடித்துவிட்டாள். கண்ட இடத்தில் இரும்பைப் போட்டு வைத்து அப்பாவைத் தடுக்கி விழ வைத்துவிட்டாய், உன் பொறுப்பில்லாத்தனத்துக்கு அவர் காலைக் கொடுத்திருக்கிறார் என்றாள். தம்பி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். படியிறங்கிப் போனவன் போனவன்தான். அப்பாவைப் பார்க்க வருவான், ஆனால் அக்கா வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வருவான்.

அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் செய்தி சுமக்கிறவள் தம்பியின் மனைவி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் அவள் நடக்கிற நடையைப் பார்த்து மாமனார் அவளுக்குத் தபால் என்று பெயர் வைத்துவிட்டார். அதுவே நிலைத்தும் விட்டது.

இதற்கு நடுவில்தான் நூலகத்தைப் புதுப்பிக்கும் வேலையை வாசகர் குழு கையில் எடுத்தது. குழுவுக்குத் தலைவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். நூலகத்தில் கூட்டம் சேர்ந்தால் கடையிலும் சேரும் என்று கணக்குப் போடுகிறார் என்று அவரைக் கேலி செய்வார்கள், அவரும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்பார். அந்த மனிதரின் நச்சரிப்பில் ஒழுகிக்கொண்டிருந்த கூரை சரியாயிற்று. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்தது. குழந்தைகள் கைக்கு எட்டுகிற உயரத்தில் அலமாரிகள் வந்தன. தெருவை மறைத்து நின்ற மதிலைப் பாதியாகக் குறைத்து, மேல்புறம் உட்கார வசதியாகப் பூசிவிட்டார்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அதில் உட்கார்ந்து, பொழுது போகாமல் உள்ளே வர ஆரம்பித்தார்கள்.

மிச்சம் இருந்தவை இரண்டு. முன்பக்கத்தில் ஒரு சிலை, சக்கர நாற்காலி ஏற ஒரு சரிவுப்பாதை. சிலையைத் தீப்பொறிதான் செய்ய வேண்டும் என்று குழு ஒருமனதாகச் சொன்னது. சரிவுப்பாதையைப் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியவள் அக்கா. நான்கு படி ஏற முடியாமல் அப்பா வீட்டிலேயே கிடப்பதை அவளால் தாங்க முடியவில்லை.

சிக்கல் என்னவென்றால், இரண்டுக்கும் பொருத்தமான இடம் ஒன்றுதான். தெருவிலிருந்து பார்த்தால் படிக்கு வலப்பக்கம். இடப்பக்கத்தில் சைக்கிள் நிறுத்துமிடம் அடைத்துக்கொண்டிருந்தது. சரிவு மிதமாக இருக்க வேண்டுமென்றால் பாதை நீளமாக வேண்டும், நீளமாக வந்தால் சிலையின் மடியில் போய் முடியும். குழு தலையைச் சொறிந்துவிட்டு, அக்காவே பார்த்து முடிவு செய்யட்டும் என்று கைகழுவிவிட்டது. போன வாரம் நாம் அவர்களை விட்டு வந்தது அங்கேதான்.

அக்கா முடிவு செய்தாள். தெருவிளக்கு வெளிச்சம் விழுகிற, பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரிகிற வலப்பக்கம் தம்பியின் சிலைக்குத்தான் என்று தீர்மானித்து, சைக்கிள்களைப் பின்பக்கத்துக்குத் துரத்தினாள். மேஸ்திரியைக் கூப்பிட்டு இடப்பக்கத்தில் சரிவுப்பாதையைக் கட்டச் சொன்னாள். தம்பிக்குச் சொல்லக் கூடாது, வந்து பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று தபாலிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். மன்னித்துக்கொள் என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. அதனால் சிமென்ட்டில் சொல்லிப் பார்த்தாள்.

அந்த சிமென்ட் காய்ந்து, மேலே போர்த்தியிருந்த ஈரச்சாக்கெல்லாம் எடுத்தாகிவிட்டது. இன்றைக்குச் சாயங்காலம் திறப்பு.

லாரியிலிருந்து தம்பி குதித்து இறங்கினான். உள்ளே ஒரு நோட்டம் விட்டான். சரிவுப்பாதையைப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

முகம் மாறத்தான் செய்தது. ஆனால் அக்கா எதிர்பார்த்த மாதிரி இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டவன் முகமாக இருந்தது அது. திரும்பி லாரியைப் பார்த்தான், மறுபடி பாதையைப் பார்த்தான், தலையில் கை வைத்துக்கொண்டு மதில்மேல் உட்கார்ந்துவிட்டான்.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

கூட வந்திருந்த தபால் மட்டும் லாரியிலிருந்து நிதானமாக இறங்கி, நிதானமாக நடந்து, நேராகப் பத்திரிகை அறைக்கு வந்தாள். அண்ணி எங்கே ஒளிந்திருப்பாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மறைஞ்சு நின்னது போதும் அண்ணி. வெளிய வந்து சிலையைப் பாருங்க."

"அவன் ஏன் அப்படி உக்காந்துட்டான்? பிடிக்கலையா?"

"அவரும் உங்களுக்காக ஒண்ணு பண்ணியிருக்காரு."

பிறகு தபால் விவரமாகச் சொன்னாள். சிலை, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிற பெண். பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம். மடியில் புத்தகம் விரிந்திருக்க, வாசலில் யார் வருகிறார்கள் என்று அவள் தலையைத் திருப்பிப் பார்ப்பதாக அமைத்திருந்தான். வலப்பக்கம் வைக்கிறோம் என்ற நினைப்பில் தலையைத் தெருப்பக்கமாகத் திருப்பிச் செய்து முடித்தும்விட்டான். அப்புறம்தான் அவனுக்கு மனசு கேட்கவில்லை. அப்பா ஏறி வர வேண்டிய பாதையைவிடச் சிலை பெரிசா என்று யோசித்து, தன் சிலையை இடப்பக்கத்துக்கே கொண்டுபோய்விடலாம், சைக்கிள்களைத் தானே பின்பக்கம் நகர்த்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்தான். பெஞ்சு எந்தப் பக்கம் இருந்தாலும் படியைப் பார்த்துத்தான் இருக்கும் என்பதால், இடப்பக்கம் வைத்தால் முகம் தெருவைப் பார்க்காது, கட்டிடத்தைப் பார்க்கும். அதனால் கழுத்தை அறுத்து, தலையை எதிர்ப்பக்கமாகத் திருப்பி, மறுபடி ஒட்டினான். அக்காவுக்குச் சொல்லாதே, வந்து பார்க்கட்டும் என்று அவனும் தபாலிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

வலப்பக்கம் இப்போது காலியாகக் கிடக்கிறது. சிலைக்கு அங்கே வைக்க முகமில்லை. இடப்பக்கம் வைக்க முகமிருக்கிறது, இடமில்லை.

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முதலில் சிரிப்பு வந்தது. அது வாய்வரை வருவதற்குள் கோபமாகிவிட்டது.

"உனக்கு ரெண்டுமே தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தியா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தக் கூத்து நடந்திருக்குமா?"

"ரெண்டு பேரும் சத்தியம் வாங்கினீங்க. ரெண்டையும் காப்பாத்தினேன்." தபால் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். "ஒன்றரை வருஷமா நான்தானே அண்ணி சொல்லிக்கிட்டே இருக்கேன். அப்பாவுக்கு மாத்திரை மாத்தியாச்சுன்னு அவன்கிட்ட சொல்லுன்னு நீங்க. பழைய கட்டில் வேணுமான்னு அவகிட்ட கேளுன்னு அவரு. எனக்கு அலுத்துப்போச்சு. ஒரு தடவையாவது நீங்க ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசாம நகரவே முடியாதுன்னு ஒரு நிலைமை வரட்டும்னு விட்டுட்டேன். வந்துடுச்சு."

அவள் குரலில் கோபமில்லை. அதுதான் அக்காவை அதிகமாகச் சுட்டது. இத்தனை நாளும் இவளை ஒரு ஆளாகவே நினைக்காமல், சுவரில் இருக்கிற ஜன்னலாக நினைத்துப் பேசிக்கொண்டிருந்துவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வெளியே கண்ணாடிக்கடைக்காரர் வந்து சேர்ந்திருந்தார். விஷயம் கேட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லோரையும் அழைத்திருக்கிறது. தார்ப்பாயை விலக்கிச் சிலையைப் பார்த்தார். சைக்கிள் செயினைப் பின்னிச் செய்த கூந்தல். பழைய தண்ணீர்த் தொட்டித் தகட்டைத் தட்டித் தட்டி வளைத்த முகம். கன்னத்தில் துரு வரைந்த நிழல். அழகாக இருந்தது, அதனால் கவலை இன்னும் கூடியது. வலப்பக்கம் வைத்தால் தெருவில் போகிறவர்களுக்கு அவள் பின்னந்தலைதான் தெரியும், கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும் என்று முணுமுணுத்தார்.

அக்கா நேராக மேஸ்திரியிடம் போனாள். அவர் சரிவுப்பாதையின் ஓரத்தில் பூச்சுவேலையின் கடைசி மிச்சத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, பாதையை உடைச்சுடுங்க. அந்தப் பக்கம் புதுசாப் போட்டுக்கலாம். சிலை இங்க வரட்டும்."

மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். தான் கட்டியதைத் தானே உடைப்பதென்றால் யாருக்குத்தான் கசக்காது.

மதில்மேல் உட்கார்ந்திருந்தவன் எழுந்து வந்தான். அவனும் அக்காவைப் பார்க்கவில்லை, மேஸ்திரியைத்தான் பார்த்தான்.

"மேஸ்திரி, அதுல கை வைக்காதீங்க. அதுல எங்கப்பா வரணும்."

"எங்கப்பா நாலு நாள் கழிச்சு வந்துக்குவாருன்னு சொல்லுங்க மேஸ்திரி. சிலை இன்னைக்கு வச்சாகணும்."

"சிலை நாலு வருஷம் கழிச்சுக்கூட வரும்னு சொல்லுங்க."

மேஸ்திரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கையிலிருந்த பூச்சுக் கரணையைச் சட்டியில் போட்டார். நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவுக்கு வாங்க, நான் போய் ஒரு டீ குடிச்சுட்டு வரேன் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். கண்ணாடிக்கடைக்காரருக்கும் திடீரென்று டீ ஞாபகம் வந்துவிட்டது.

இடையில் நிற்க ஆளில்லாமல் அக்காவும் தம்பியும் எதிரெதிரே நின்றார்கள். தபால் பத்திரிகை அறை ஜன்னலில் உட்கார்ந்து யாரோ வைத்துவிட்டுப் போன வாரப்பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

தம்பி செருப்பால் மண்ணைக் கீறினான். அக்கா கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள். நூலகத்துக்குள் அத்தனை பேரையும் பேசாமல் இருக்க வைத்தவளுக்கு, பேச ஆரம்பிக்கிற வழி மறந்துபோயிருந்தது.

கடைசியில் தம்பி சிலையைப் பார்த்துச் சொன்னான். கழுத்தை மறுபடி அறுத்துத் திருப்பினால் ஆகிவிடும். வெல்டிங் மெஷின் லாரியில் இருக்கிறது. ஆனால் இது இரண்டாவது வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் கொஞ்சம் இரும்பு போகும். இன்னொரு தடவை தப்பாகிவிட்டால் கழுத்தே மிஞ்சாது, தலையைத் தோள்மேல்தான் உட்கார வைக்க வேண்டும். அதோடு, ஒட்டும்போது தலையை அசையாமல் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். கூட வந்தவர்கள் சிலையை இறக்கி வைத்துவிட்டு லாரியோடு வேறு வேலைக்குப் போக வேண்டியவர்கள்.

"நான் பிடிக்கிறேன்" என்றாள் அக்கா.

அவன் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"கனமா இருக்கும்."

"பிடிக்கிறேன்னு சொல்றேன்ல."

சிலையை வலப்பக்கத் தளத்தில் இறக்கி, பெஞ்சின் கால்களை போல்ட் போட்டு முடுக்கினார்கள். லாரி போய்விட்டது. புதிதாக இழுத்த மின்கம்பியில் மெஷினைச் சேர்த்தான் தம்பி. பழைய கம்பியாக இருந்திருந்தால் நூலகம் முழுக்க இருட்டாகியிருக்கும். படிக்க வந்த நான்கைந்து பேர் புத்தகத்தை மூடிவிட்டுத் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அக்கா அவர்களை விரட்டவில்லை.

அறுக்கிற மெஷின் கழுத்தைச் சுற்றி வந்தது. பழைய ஒட்டு சிவந்து உதிர்ந்தது. அக்காவுக்கு முழங்கைவரை தோல் கையுறை, தலையில் கறுப்புக் கண்ணாடி வைத்த முகமூடி. பெஞ்சில் சிலைக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அந்தத் தலையை ஏந்திக்கொண்டாள். நினைத்ததைவிடக் கனம். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"தெருப்பக்கம் திருப்பு. இன்னும். போதும். தாடையைக் கொஞ்சம் கீழ இறக்கு."

"இப்படியா?"

"அதிகம். அவ புத்தகத்துல இருந்து நிமிர்ந்த மாதிரி இருக்கணும். தூங்கி விழற மாதிரி இருக்கக் கூடாது."

"இப்ப?"

"அங்கயே. விட்டுடாத அக்கா."

அக்கா என்று கூப்பிட்டுவிட்டான். அவனுக்கே அது தெரிந்ததோ என்னவோ. அக்காவுக்குத் தெரிந்தது. முகமூடிக்குள் யாருக்கும் தெரியாமல் அவள் அழுதாள். கையை எடுத்துக் கண்ணைத் துடைக்க முடியாது, அதனால் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

கறுப்புக் கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று ஒரு பச்சை வெளிச்சப் புள்ளி மட்டும் பூத்தது, அணைந்தது. ஒரு பக்கம் ஒட்டினால் இரும்பு சூட்டில் அந்தப் பக்கமாக இழுத்துக்கொள்ளும், அதனால் எதிர்ப்பக்கம் உடனே ஒரு ஒட்டுப் போட வேண்டும் என்று அவன் சொல்லிக்கொண்டே செய்தான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இழுக்கிற பக்கத்துக்கு எதிராக அவள் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சூடு கையுறையைத் தாண்டி வந்தது.

"கை சுடுதா?"

"சுடுது. நீ பாத்துப் போடு."

சுற்றிலும் ஒட்டி முடித்து, விடலாம் என்று அவன் சொன்ன பிறகும் அவள் கொஞ்ச நேரம் விடவில்லை. விட்டபோது தலை அசையவில்லை. இருவரும் தெருவுக்குப் போய் நின்று பார்த்தார்கள். பஸ் நிறுத்தத்தில் நின்ற ஒரு பெண், சிலை தன்னைப் பார்ப்பதை உணர்ந்து, திரும்பிப் பார்த்து, தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள். தம்பி மூச்சை நீளமாக விட்டான்.

ஐந்து மணிக்குத் திறப்பு விழா. விழா என்று பெரிய வார்த்தை வேண்டாம், பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. கண்ணாடிக்கடைக்காரர் பேசினார், பேசியதைச் சுருக்கிக்கொண்டார். யாருமே ரிப்பன் வாங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. குழந்தைகள் அதற்குள் பெஞ்சில் ஏறி, புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தபால் மாமனாரை அழைத்து வந்திருந்தாள். சரிவுப்பாதையின் அடியில் நாற்காலியை நிறுத்தியதும், யாரும் தள்ள வேண்டாம் என்று அவர் கையைக் காட்டிவிட்டார். விளையாட்டு மைதானத்தில் எத்தனையோ பேரை ஓட வைத்த மனிதர். சக்கரத்தைப் பிடித்து, மூச்சு வாங்கி, தள்ளி, மூச்சு வாங்கி, தானாகவே மேலே போய்ச் சேர்ந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா இந்த நிமிஷத்துக்காகத்தான் இத்தனை நாள் சண்டை போட்டாள், மேஸ்திரியிடமும் குழுவிடமும் தன்னிடமும்.

மேலே போனவர் திரும்பிப் பார்த்தார். மகளும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள், இரண்டு பேர் முழங்கையிலும் ஒரே கரி. கூட்டத்தில் இருந்த அத்தனை பேர் முகத்திலும் இருந்த சிரிப்பு அவர் முகத்தில் இல்லை. சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டு, நாற்காலியை உள்ளே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். களைத்துப் போயிருப்பார் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்தது. பத்திரிகை அறையில் விளையாட்டுப் பக்கத்தை விரித்துக்கொண்டு அப்பா உட்கார்ந்துவிட்டார். தம்பி வெளியே கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். ராத்திரி சாப்பிட அவனை வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டும் என்று அக்காவுக்கு இருந்தது. பழக்கதோஷத்தில் தபாலைப் பார்த்தாள். தபால் தலையை ஆட்டி மறுத்தாள்.

"இனிமே நான் லீவு அண்ணி."

அக்கா வெளியே போனாள். கேபிளின் மறுமுனையைக் கையில் எடுத்து, அவனுக்குச் சிக்காமல் விட்டுக் கொடுத்துக்கொண்டே நின்றாள். சாப்பாட்டைப் பற்றித்தான் பேச நினைத்தாள். வாய் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் பேசினது தப்புடா. இரும்பு கிடந்தா கிடந்துட்டுப் போகுது. நீ வேணும்னேவா போட்ட? அத்தனை பேர் முன்னாடி உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

தம்பி சுருட்டுவதை நிறுத்தவில்லை.

"இரும்பு எதுவும் கிடக்கல அக்கா."

"என்னது?"

"அப்பா தடுக்கி விழல." கேபிள் வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டான். "அதுக்கு மேல நான் சொல்லக் கூடாது. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அன்னைக்கே அவருக்கு வாக்குக் கொடுத்துட்டேன். ஸ்ட்ரெச்சர்ல இருந்துகிட்டே கேட்டாரு."

அக்காவுக்கு வராந்தா ஞாபகம் வந்தது. நின்றுகொண்டிருந்த சொந்தக்காரர்கள், அவள் குரல், அவன் குனிந்த தலை. ஒன்றரை வருஷம். அவள் திட்டியதையெல்லாம் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"அப்பா விழுந்ததுக்கு நீ காரணம் இல்லன்னு அது ஒண்ணையாவது சொல்லியிருக்கலாமேடா. ஏன் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே அக்கா."

குற்றம் சாட்டுகிற தொனி துளியும் இல்லை. இருந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். அக்காவால் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பினாள்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அப்பா அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். செய்தித்தாள் மேஜைமேல் மடிந்து கிடந்தது. பிள்ளைகள் இருவரும் பேசிவிட்டார்கள் என்பதும், எதைப் பற்றிப் பேசியிருப்பார்கள் என்பதும் அந்த முகத்தில் எழுதியிருந்தது. அவர் கையைத் தூக்கி அக்காவை உள்ளே வரச் சொல்லிச் சைகை காட்டினார். மகனை நோக்கி உள்ளங்கையைக் காட்டி, நீ அங்கேயே இரு என்றார்.

"நீயும் வாடா" என்றாள் அக்கா.

"வேண்டாம். அவர் உன்கிட்ட சொல்லணும்னு நினைக்கிறதே பெரிசு. கெடுத்துடாத."

அக்கா கையிலிருந்த கரியைத் துடைத்துக்கொண்டு படியேறினாள். பத்திரிகை அறைக்குள் போய், கதவைச் சாத்திவிட்டு, அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். "அன்னைக்கு என்னப்பா நடந்தது?" என்று கேட்டாள்.